அத்தையின் அளவு நோட்டு

என் அப்பாவின் அக்கா, நாங்கள் எல்லோரும் பெரியத்தை என்று அழைத்தவர், 84 வயதில் காலமானார். ஓராண்டு நிறைவில் குடும்பத்தார் கூடும்போது அவரைப் பற்றி நான் எழுதி வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எழுத்து எனக்குப் பழகிய வேலை என்பதால் ஒரே மாலையில் இரண்டு பக்கங்களை முடித்துவிட்டேன். 'அன்பே உருவானவர்', 'பொறுமையின் சிகரம்', 'அனைவருக்கும் நிழல் தந்த ஆலமரம்' என்றெல்லாம் அதில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் தம்பி தாளைத் திருப்பிக் கொடுத்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது யாரைப் பத்தி?" என்று கேட்டான்.

பெரியத்தை பொறுமையானவரே அல்லர். தையல் மிஷினில் ஊசி முறிந்தால் ஊசியையும், அதைச் செய்தவரையும், அந்த நேரம் பார்த்து அறைக்குள் வந்தவரையும் சேர்த்தே திட்டுவார். யாராவது "அருமையாத் தச்சிருக்கீங்க அத்தை" என்றால் மகிழ்ந்துபோக மாட்டார், "உள்பக்கம் திருப்பிப் பாத்தியா?" என்பார். மேல் நூலும், கீழே பாபினிலிருந்து வரும் நூலும் சரியான இழுவையில் இருந்தால்தான் இரண்டின் பின்னலும் துணிக்கு நடுவில் மறைந்து, தையல் இரு பக்கமும் ஒன்றுபோல் தெரியும் என்பதால், உள்பக்கம் பாராமல் சொல்லப்படும் பாராட்டை அவர் ஒருபோதும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவரைத்தான் நான் ஆலமரம் ஆக்கியிருந்தேன். அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டபின் அடுத்த மூன்று மாதங்களில் நான் செய்தவற்றையும், முன்பே செய்திருக்க வேண்டியவற்றையும், இதேபோல் ஒருவரை நினைத்து எழுத உட்காருகிறவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது. "அத்தை எப்படிப்பட்டவங்க?" என்று யாரிடம் கேட்டாலும் "தங்கமானவங்க" என்ற பதில் வந்தது, அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. ஒரு பொருளையோ இடத்தையோ நேரத்தையோ குறிப்பிட்டுக் கேட்கத் தொடங்கியபோதுதான் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவருடைய தங்கையான சின்னத்தையிடம், "அவங்க கோபமா இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல், "கத்தரிக்கோல் சத்தத்துலயே தெரியுமே" என்றார். மனம் அமைதியாக இருக்கும் நாட்களில் பெரியத்தை கத்தரிக்கோலின் வாயை முழுவதும் மூடாமல், மேசையை ஒட்டியே நீளமாக ஓட்டுவாராம். துணி கிழிபடும் மெல்லிய சரசரப்புதான் கேட்கும். கோபம் என்றால் ஒவ்வொரு வெட்டும் முனைவரை மூடி, நறுக் நறுக் என்று பக்கத்து அறைவரை கேட்குமாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பிள்ளைகள் உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். நானும் அப்படி முடிவு செய்தவன்தான் என்பது அவர் சொன்ன பிறகே எனக்கு நினைவுக்கு வந்தது.

அடுத்து ஒரு தவறு செய்தேன். நேரம் மிச்சமாகும் என்று நினைத்து ஆறு பேரை ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். எங்கள் பெரியப்பா மகனுக்குக் குரல் பெரிது, கதை சொல்லும் திறமையும் உண்டு. பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு பெரியத்தை விடிய விடிய விழித்திருந்து ஏழு பிள்ளைகளுக்கும் சீருடை தைத்து முடித்த கதையை அவர் சொல்ல, மற்ற ஐந்து பேரும் கண் கலங்கித் தலையசைத்தார்கள். அதன்பின் வேறு எதுவும் எழவில்லை. பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே போனில் அழைத்துக் கேட்டபோது அன்று தைத்தது இரண்டு சீருடைகள்தான் என்றும், பதினொரு மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட்டார் என்றும், தைத்த நேரம் முழுவதும் "முந்தின நாள் சாயங்காலம் துணியைக் கொண்டாந்து குடுத்தா நான் என்ன மந்திரவாதியா?" என்று பெரியப்பாவை விடாமல் திட்டினார் என்றும் தெரிந்தது. ஏழு சீருடைக் கதையைவிட இந்தக் கதையில்தான் அவர் இருக்கிறார்.

சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூரும் குழுவிடமிருந்து கிடைப்பது, அதே ஆட்கள் தனித்தனியே சொன்னதைத் தொகுத்தால் கிடைப்பதைவிடக் குறைவு என்பதை உளவியல் சோதனைகள் பல காட்டியிருக்கின்றன என்று பின்னால் படித்தேன். ஒருவர் சொல்லும் வரிசை, மற்றவர் தம் மனத்தில் தேடிச் செல்லும் வரிசையைக் கலைத்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. மறுபடி மறுபடி சொல்லப்படும் கதை, சொல்கிறவருக்குப் பழக்கமான வடிவத்தை நோக்கித் தேய்ந்துகொண்டே போகும் என்பதைப் பிரிட்டன் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932லேயே காட்டியிருக்கிறார். தியாகம் செய்யும் மூத்த பெண் என்பதுதான் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான வடிவம் என்று நினைக்கிறேன். தனித்தனியாகக் கேளுங்கள், கேட்டு முடிக்கும்வரை ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாதீர்கள். எல்லோரும் கூடிப் பேசுவது அதற்குப் பிறகு வேண்டிய மட்டும் நடக்கலாம், அதில் வேறொரு சுகம் இருக்கிறது.

என் நினைவையும் இதே தராசில் வைக்க வேண்டியிருந்தது. பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று, பெரியத்தை ஜன்னலோரத்தில் மிஷின் முன் உட்கார்ந்தபடியே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்து, "பாஸ்தானே? சரி, போய் அந்த வெள்ளை நூலை எடு" என்று சொன்ன காட்சி என் மனத்தில் அப்படியே இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் அவருடைய இடது கன்னத்தில் விழுந்ததுகூடத் தெரிகிறது. ஆனால், அவருடைய நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த பழைய கடிதம் ஒன்றில், உறவினர் வீட்டில் இரண்டு மாதமாகத் தங்கியிருந்த அவருக்கு என் அப்பா என் மதிப்பெண்களை எழுதித் தெரிவித்திருக்கிறார். அவர் அன்று வீட்டிலேயே இல்லை. 1986 ஜனவரியில் அமெரிக்க விண்வெளி ஓடமான சேலஞ்சர் வெடித்த மறுநாள், அச்செய்தியைத் தாங்கள் எங்கே, எப்படிக் கேட்டோம் என்று மாணவர்களை எழுதச் செய்து, சுமார் இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்ட உளவியலாளர் உல்ரிக் நைசர், பலருடைய நினைவு மாறிப்போயிருந்ததையும், மாறிய நினைவின் மீதும் அவர்களுக்கு உறுதியான நம்பிக்கை இருந்ததையும் கண்டார். நான் அவர்களில் ஒருவன். அந்தக் காட்சியை எடுத்துவிட எனக்கு மனமே இல்லை. ஆனாலும் எடுத்துவிட்டேன்.

இனி அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியத்தை திருமணம் செய்துகொள்ளவில்லை. பதினாறு வயதில் தையல் கற்று, எழுபது கடந்தும் தைத்தார். உறவுக்காரர்களின் அளவுகளை மட்டும் எழுதி வைக்க அவரிடம் நீளமான நோட்டுகள் மூன்று இருந்தன; அட்டைக்கு உறையாகப் பழைய திரைத்துணி போட்டிருந்தார். ஒவ்வொரு பதிவிலும் பெயர், தேதி, அதன்கீழ் ஏழு எண்கள் இருக்கும். எந்த எண் எதற்கு என்ற குறிப்பு கிடையாது. உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச்சுற்று, கழுத்து என்ற அந்த வரிசையை அவரோடு உட்கார்ந்து காஜா எடுத்துப் பழகிய சின்னத்தைதான் எனக்குச் சொல்லித் தந்தார். வரிசை பிடிபட்டதும் நோட்டு பேச ஆரம்பித்தது. என் அப்பாவின் தோள் 12 அங்குலத்திலிருந்து 18 வரை வளர்ந்து நின்றது. என் அம்மாவின் இடுப்பளவு ஒரே ஆண்டில் மூன்று முறை எடுக்கப்பட்டிருந்தது; அது நான் பிறந்த ஆண்டு.

தாத்தாவின் மார்பளவு 39, 39, 38 என்று பல ஆண்டுகள் ஒரே நிலையில் இருந்து, அவர் நோயில் படுத்த பிறகு 35 ஆகிறது. அடுத்த பதிவில் 31. அதன் பக்கத்தில் 'கண்ணளவு' என்று எழுதியிருக்கிறது. டேப் வைத்து அளந்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்பதற்காகக் கண்ணாலேயே அளந்திருக்கிறார். அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், "ஆறு சட்டையும் பிடித்தாயிற்று. சொல்லவில்லை" என்று ஒரு வரி. உடம்பு இளைப்பது தாத்தாவுக்குச் சட்டை தொளதொளப்பதில் தெரிந்துவிடக் கூடாது என்று அவர் தூங்கும் நேரத்தில் எல்லாச் சட்டைகளையும் பிரித்து, பக்கங்களைப் பிடித்துத் தைத்து, பழையபடி மடித்து வைத்திருக்கிறார். இதைக் குடும்பத்தில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. சின்னத்தைக்கும் தெரியாது. 'அன்பே உருவானவர்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் இந்த ஒரு வரியை வைத்தேன். வேறு எதையும் சேர்க்கவில்லை.

ஆனால், ஆவணம் கையில் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடவும் முடியாது. அப்பாவின் பழைய சட்டை ஒன்று பெட்டியில் இருந்தது. அளந்து பார்த்தேன், தோள் 17 தான் வந்தது, நோட்டில் 18. இன்னும் இரண்டு மூன்று உடுப்புகளை எடுத்து ஒப்பிட்டேன். எல்லாவற்றிலும் நோட்டில் ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால், பெரியத்தை பிள்ளைகளின் உடுப்புகளில் மற்றவர்கள் அரை அங்குலம் விடும் இடத்தில் ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டுத் தைப்பார். "துணி சுருங்கும், பிள்ளை வளரும், ரெண்டுக்கும் எடம் விடணும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கு. ஆகவே, ஒவ்வொருவருக்கும் அவர் தம் மனத்திலேயே ஓர் அங்குலம் கூடுதலாக இடம் தந்திருந்தார் என்று நான் நெகிழ்ந்துபோய் ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. சின்னத்தையிடம் வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"டேப்பைப் பாத்தியா நீ?" என்றார்.

மிஷின் இழுப்பறையில் டேப் இருந்தது. 60 அங்குல டேப். அதன் முனையில் இருக்கும் தகடு என்றோ கழன்று, முதல் அங்குலம் நைந்து அறுந்துபோயிருந்தது. புதிது வாங்க மனமில்லாத பெரியத்தை, ஒன்றாம் எண்ணிலிருந்தே அளந்து, டேப் காட்டியதை அப்படியே எழுதி, வெட்டும்போது மனக்கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொண்டிருக்கிறார். பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்திருக்கிறது. தையல் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் கழிக்க மறந்து துணியைப் பெரிதாக வெட்டிவிட்டு அழுதிருக்கிறார்கள். அதற்கும் அவர்களுக்கே திட்டு விழுந்திருக்கிறது. என் பத்தியை எடுத்துவிட்டு டேப்பைப் பற்றி எழுதினேன். ஒருவர் விட்டுச்சென்ற தாள்களைப் படிக்கும்போது, அவரோடு அந்த வேலையைச் செய்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான். நமக்குப் பிடித்த விளக்கம் நம் கைக்கு மிக எளிதாக வந்துவிடுகிறது.

அவர் உயிரோடு இருந்தபோது நான் செய்யத் தவறியது குரல் பதிவு. என்னிடம் இருப்பவை இரண்டே பதிவுகள், சேர்த்து 23 நிமிடங்கள். ஒன்றில் மின்விசிறிச் சத்தம் பாதிப் பேச்சை விழுங்கிவிட்டது. முதுமையில் செவித்திறன் குறையும்போது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள்தாம் முதலில் மங்குகின்றன. அதாவது உயிரொலிகள் கேட்கும், ஆனால் ச, ஸ, ஃப போன்ற மெய்யொலிகள் தேய்ந்து, பேசுவது கேட்டாலும் சொல் பிடிபடாது. இதை அறியாமல் நான் அவரிடம் கத்திப் பேசிக்கொண்டிருந்தேன். கத்துவதால் சொல் தெளிவதில்லை, கேட்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சுகிறது. விசிறியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, நம் முகத்தில் வெளிச்சம் படும்படி நேர் எதிரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசினாலே போதும். இரண்டாவது பதிவில் தற்செயலாக இவையெல்லாம் அமைந்துவிட்டன.

அந்தப் பதிவில் இன்னொன்றும் நேர்ந்தது. அதற்கு முன்பெல்லாம் நான், "நாற்பது வயசுல என்ன பண்ணீங்க?" என்பது போலக் கேட்டு, "என்ன பண்ணேன்? தச்சேன்" என்ற பதிலைத்தான் வாங்கியிருந்தேன். அன்று ஏதோ தோன்றி, முதன்முதலில் மிஷினில் கால் வைத்த நாளைப் பற்றிக் கேட்டேன். சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூல் சிக்கியதையும், ஊசி விரல் நகத்தில் இறங்கியும் வெளியே சொல்லாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், ஒரு வாரம் நூல் கோக்காமல் வெறும் தாளில் ஓட்டிப் பழகியதையும் நிறுத்தாமல் சொன்னார். வயதானவர்களின் நினைவில் பத்து வயதிலிருந்து முப்பது வரையான காலம் மற்றக் காலங்களைவிட அடர்த்தியாகத் தங்கியிருக்கும் என்பது ஆய்வுகளில் நன்கு அறியப்பட்டதுதான். முன்பே தெரிந்திருந்தால் அங்கிருந்தே தொடங்கியிருப்பேன். பழையதைப் பேசிக்கொண்டிருப்பது மனத்தளர்ச்சியின் அறிகுறி என்று மருத்துவர்கள்கூடக் கருதிவந்த காலத்தில், அது வாழ்வைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயல்பான செயல் என்று 1963இல் எடுத்துரைத்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். "சொன்னதையே சொல்றாங்க" என்று நாங்கள் எழுந்துபோன மாலைகள் பல உண்டு.

பதிவை வைத்துக்கொள்வது பற்றியும் ஒரு சொல். போனில் வந்திருந்த அவருடைய குரல் செய்திகள் அனைத்தும் நான் போன் மாற்றியபோது போய்விட்டன. மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்ற எளிய விதியை இப்போது கடைப்பிடிக்கிறேன். புகைப்படங்களுக்குப் பின்னால் பெயர் எழுதுவதானால் பால்பாயிண்ட் பேனா வேண்டாம். எழுத்து அழுந்தி முன்பக்கம் தடம் தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலே நல்லது. ஒட்டும் பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்களில் படங்கள் பிடித்துக்கொண்டிருந்தால் பிடுங்காமல், முதலில் இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டைக் கிழித்த பிறகுதான் நிறுத்தினேன்.

எழுதத் தயங்கியது ஒன்றே ஒன்றுதான். பெரியத்தை சின்னத்தையோடு நான்கு ஆண்டுகள் பேசாமல் இருந்தார். காரணம் சின்னது, பிடிவாதம் பெரியது. அந்த நான்கு ஆண்டுகளும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இறந்தவரின் குறையை எழுதலாமா என்று குடும்பத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. என் முடிவு இதுதான்: அந்தக் குறையால் காயப்பட்டவர் யாரோ, எழுதலாமா என்று சொல்லும் உரிமை அவருடையது, என்னுடையதல்ல. சின்னத்தையிடம் கேட்டேன். வெகுநேரம் கழித்து, "எழுது. ஆனா அந்த நாலு வருஷமும் என் துணியெல்லாம் தச்சு என் கட்டில் மேல வச்சாங்க, அதையும் எழுது. அளவு கேக்கவே இல்ல, எல்லாம் சரியா இருந்துச்சு" என்றார். வேறொருவர் பெரியத்தையிடம் நம்பிச் சொல்லி வைத்திருந்த செய்தி ஒன்றும் எனக்குத் தெரியவந்தது. அதை எழுதலாமா என்று யாரிடமும் கேட்காமலே விட்டுவிட்டேன்.

ஒன்பது பக்கங்கள் சேர்ந்தன, மூன்றாகக் குறைத்தேன். குறைப்பதற்கு நான் வைத்திருந்த சோதனை, ஒரு வாக்கியத்தில் பெரியத்தையின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெரியவரின் பெயரை வைத்தாலும் பொருந்துமா என்று பார்ப்பதுதான்; பொருந்தினால் அது போக வேண்டியது. வாய்விட்டு ஐந்தாறு முறை வாசித்துப் பழகியதால் குரல் தடுமாறும் இடம் எது என்று முன்பே தெரிந்திருந்தது. தாத்தாவின் ஆறு சட்டைகள். அந்த இடம் வந்ததும் தாளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன், அவன் வாசித்தான். டேப் கதை வந்தபோது, பெரியத்தையிடம் கற்றுக்கொண்ட பெண்கள் இருவர் ஒரே நேரத்தில் "ஒண்ணைக் கழி" என்று சத்தமாகச் சொன்னார்கள், கூட்டமே சிரித்தது.

எல்லோரும் போன பிறகு நோட்டுகளைத் திரும்ப உறையில் போடும்போது மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததைப் பிரித்தேன். குழந்தைக் கையெழுத்தில் 'பெரியத்தை' என்று தலைப்பு, கீழே ஏழு எண்கள். கையெழுத்து என்னுடையது. தேதியைப் பார்த்தால் எனக்கு அப்போது ஒன்பது வயது இருந்திருக்கும். தோள் 16 என்பது அடிக்கப்பட்டு, பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் அவருடைய எழுத்தில் '17, டேப் காட்டியதை எழுது. கழிப்பது நான்' என்று இருந்தது. அளவெடுக்க எனக்கு அவர் கற்றுக்கொடுத்திருக்கிறார். நானும் ஒன்பது வயதில் டேப்பின் முதல் அங்குலம் இல்லாததைக் கவனித்துக் கழித்து எழுதியிருக்கிறேன். அந்த நாளில் ஒரு கணம்கூட எனக்கு நினைவில்லை.